டோனட் கொடுக்கப் பயிற்சியா?

அன்புள்ள அக்கா,

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் பயிற்சி பெற்று 'கிளப்மொபைல்' என்ற நடமாடும் சிற்றுண்டி வண்டிகளில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நர்ஸுக்குப் பயிற்சி வேண்டும், சரி. காபியும் டோனட்டும் கொடுத்துச் சிரித்துப் பேச என்ன பயிற்சி? அழகான பெண்களைச் சிப்பாய்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.
ம., மதுரை

அன்புள்ள ம.,

உங்கள் சந்தேகத்தில் உண்மை இருக்கிறது. தேர்வில் தோற்றத்தையும் கலகலப்பாகப் பழகுவதையும் பார்த்தார்கள். ஆனால் 'அவ்வளவுதான்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விண்ணப்பிக்கவே கல்லூரிப் படிப்பு வேண்டும். வயது குறைந்தது 25 ஆகியிருக்க வேண்டும். நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்தபின் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. சங்கம் எப்படி இயங்குகிறது, ராணுவத்தின் பதவிகள், நடைமுறைகள் என்னென்ன என்பதெல்லாம் அங்கே பாடம். மீதியைப் பிரிட்டனில் வேலை பார்த்துக்கொண்டேதான் கற்றார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். லண்டன் பஸ் ஒன்றை மாற்றியமைத்து, உள்ளே டோனட் மெஷின், காபிப் பாத்திரங்கள், பாட்டுக்கு கிராமபோன். வண்டிக்கு மூன்று பெண்கள். கொதிக்கும் கொழுப்புக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக நின்று ஆயிரக்கணக்கில் டோனட் சுட வேண்டும். 1944-இல் பிரான்சுக்குப் போகும் முன் இரண்டரை டன் ராணுவ லாரி ஓட்டவும் பழகினார்கள். கிளட்சை இரண்டு முறை மிதித்து ('டபுள் கிளட்ச்') கியர் மாற்றுவதும் ஸ்டெப்னி மாட்டுவதும் அவர்கள் வேலைதான். பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கியது ஜூன் மாதம். ஜூலையில் இவர்கள் போய்விட்டார்கள்.

அப்புறம் அந்தப் பேச்சு. குண்டுவீச்சு விமானங்கள் திரும்பியதும் விமானிகளை உட்கார வைத்து என்ன நடந்தது என்று அதிகாரிகள் விசாரிப்பார்கள். அங்கே காபியோடு இந்தப் பெண்கள் நிற்பார்கள். காலையில் வழியனுப்பிய ஒரு விமானம் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று எதிரே இருப்பவனிடம் கேட்க வேண்டும். அதையும் சாதாரணமாகக் கேட்க வேண்டும். இதைச் சிரித்துப் பேசுவது என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

வியட்நாமிலும் இதே கதைதான். அந்தப் போருக்கு 1965 முதல் 1972 வரை இதே சங்கத்தின் 627 பெண்கள் போனார்கள். இரண்டு வாரப் பயிற்சிதான். டிவி வினாடி வினாக்களைப் பார்த்து அட்டையை வெட்டி விளையாட்டுகளைத் தாங்களே தயாரித்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் பீரங்கித் தளங்களுக்குப் போய், பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி விளையாட வைப்பார்கள். மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள்: ஒருவர் ஜீப் விபத்தில், ஒருவர் கொலையுண்டு, ஒருவர் நோயில்.

காட்சிப்பொருள் என்று நீங்கள் சொல்வது அந்தப் பெண்கள் மீதுள்ள அக்கறையால் என்று புரிகிறது. ஆனால் அந்தப் பார்வையிலும் அவர்களுடைய உழைப்பு காணாமல் போகிறது. அவர்கள் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் அல்ல என்பதால், சிப்பாய்களுக்கு அரசு கொடுத்த படிப்புச் சலுகை, வீட்டுக்கடன் எதுவும் கிடைக்கவில்லை. கிளப்மொபைல் பெண்களைப் பாராட்டி அமெரிக்க செனட் தீர்மானம் போட்டது 2012-இல். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள்.

அன்புடன்,
அக்கா