ஹட்டனில் 1750, பந்தலூரில் 450: கூலிக் கணக்கு கேள்வி பதில்

முப்பத்தொரு வருஷம் தேயிலை எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் (யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், கூலி எவ்வளவு என்று பதியும் ஏடு) எழுதினவன் நான். அதற்கு முன்னால், 1973-ல், ஒன்பது வயதுப் பையனாக இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனையிலிருந்து தலைமன்னார் வந்து, கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, நீலகிரியில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தேன். பெரியம்மா வீட்டார் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால் இரண்டு பக்கத்துக் கூலியும் எங்களுக்கு வீட்டுப் பேச்சுதான். 'இலங்கையில் தோட்டத்து நாள் கூலியை 1750 ஆக்கிட்டாங்களாமே' என்ற பேச்சு இங்கே கிளம்பியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நம் பக்கத்து நாள் கூலியைக் கணக்கு வசதிக்காக 450 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டில் முன்பின் இருந்தால் அந்தத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

பந்தலூர், கொழுந்து எடுக்கும் தங்கச்சி ஒருவர்: அண்ணே, ஹட்டனில் இருக்கிற அத்தை மகன் ஒரு நாளைக்கு 1750 வாங்குறேன்னு போனில் பெருமை பேசுறான். நாங்க வாங்குறது அதில் கால்வாசியா?

இல்லை தங்கச்சி. அவன் சொல்வது இலங்கை ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய 3 ரூபாய் 40 காசு. அப்படிப் பார்த்தால் 1750 என்பது நம் பணத்தில் ஏறக்குறைய 515.

அந்த 1750-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1350 ஆனது. 2026-க்கான பட்ஜெட்டில் அதை 1550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் வேலைக்கு வந்த நாளுக்கு 200 ரூபாய் அரசு தருவதாகவும் அறிவித்தார்கள். ஆக, தோட்டம் தருகிற கூலி 1550. நம் பணத்தில் 456. உன் கூலியும் அவன் கூலியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மிச்சம் அரசாங்கம் கொடுக்கிற ஊக்கத்தொகை. அரசு மாறினால் அது என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் அவனிடம் கேள். எத்தனை கிலோவுக்கு அந்தக் கூலி? அங்கே பல தோட்டங்களில் 18 கிலோ பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி போட்டுவிடுவார்கள். மழையில்லாத மாதத்தில் கொழுந்து கிடைக்காது, அப்போது அரைப்பேர்தான் அதிகம் விழும். பெரியம்மா மகள் ஒருத்தி சொல்வாள், "கூலி ஏறின அன்னைக்கே தராசும் ஏறிடும்"னு. அதை நான் செக்ரோலில் பார்த்ததில்லை, ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

ஊட்டி, கல்லூரி மாணவர்: இலங்கையில் குறைந்தபட்சக் கூலி மாதம் 30,000 என்று படித்தேன். நீங்கள் நாள் கூலி சொல்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. அங்கே தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் என்று 2016-ல் ஒன்று வந்தது. அப்போது மாதம் 10,000. 2021-ல் 12,500, 2024-ல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. இது எல்லாத் தொழிலுக்கும் பொதுவான அடித்தளம். தேயிலைத் தோட்டத்துக்குச் சம்பள நிர்ணய சபை என்று தனி ஏற்பாடு இருக்கிறது. முன்பெல்லாம் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் போடுவார்கள். நாளுக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கையில் அது முறிந்துபோய், 2021 மார்ச்சில் சபை வழியாக 1000 வந்தது.

நம் நாட்டில் அப்படி ஒரே தொகை கிடையாது. 1948-ன் சட்டப்படி மாநிலத்துக்கு மாநிலம், தொழிலுக்குத் தொழில் வேறு வேறாக வைத்தார்கள். நாடு முழுவதற்கும் அடித்தளம் என்று 178 ரூபாயை மத்திய அரசு சொல்லி வைத்திருந்தது. அது வெறும் பரிந்துரைதான். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அப்படி ஓர் அடித்தளத்தைக் கட்டாயமாக்குகின்றன. ஆகவே 'இந்தியாவின் குறைந்தபட்சக் கூலி' என்று ஒரு தொகையை எழுதி இலங்கையோடு ஒப்பிடும் கட்டுரை கண்ணில் பட்டால், கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள் தம்பி.

அதே மாணவர்: அப்படியானால் மாற்று விகிதத்தால் வகுத்துவிட்டால் ஒப்பீடு முடிந்ததா?

முடியாது. நானே அதில் ஏமாந்தவன். 2021 மார்ச்சில் அங்கே 1000 ஆனபோது நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடையது 2 ரூபாய் 70 காசு. வகுத்தால் 370. 'பரவாயில்லையே, நம்மை எட்டிப் பிடிக்கிறார்கள்' என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன். பதினாலு மாதம் கழித்து, 2022 மே மாதம், அதே ஆள் அதே மலையில் அதே 1000 ரூபாய்தான் வாங்குகிறார், ஆனால் வகுத்துப் பார்த்தால் 215-தான் வருகிறது. அந்த செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 69.8 சதவீதம் கூடியிருந்தது, சாப்பாட்டுச் சாமான் மட்டும் 94.9 சதவீதம். பெரியம்மா வீட்டில் ஒரு நேர ரொட்டியை நிறுத்தியது அப்போதுதான். மாவு விலை ஏறினால் தோட்டத்தில் அடுப்பே தடுமாறும். அங்கே காலையும் ராத்திரியும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தானே!

பொருளாதாரம் படிப்பவர்கள் இதற்கு வாங்கும் திறன் சமநிலை என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நாட்டு அளவுக்கு அது நல்ல கருவி. ஆனால் அந்தக் கூடையில் கார், விமான டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் சேர்ந்திருக்கும். லைன் வீட்டுக்காரர் (தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் இருப்பவர்) வாங்குவது அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், தேங்காய். அதனால் நான் பணத்தில் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். ஒரு நாள் வேலைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பேன். அதற்கு எந்த நாட்டு ரூபாயும் தேவையில்லை.

கொலக்கம்பை, இரண்டு பிள்ளைகளின் தாய்: அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன்.

போடலாம் அம்மா.

முதலில் அரிசி. இலங்கையில் 2024 டிசம்பரில் அரசு கட்டிய உச்ச விலை: நாட்டரிசி கிலோ 230, சம்பா 240, கீரிச்சம்பா 260. நாட்டரிசி வாங்கினால் 1550-க்கு ஆறே முக்கால் கிலோ வரும். ஊக்கத்தொகையைச் சேர்த்தால் ஏழரை. நம் கடையில் சுமாரான அரிசி 55 என்றால் 450-க்கு எட்டு கிலோ. கொஞ்சம் நம் பக்கம் மேல், பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து சிலிண்டர். அங்கே 12.5 கிலோ சிலிண்டர் 2024 ஜூலையில் 3,690 ஆனது. 1550 கூலிக்காரருக்கு இரண்டே கால் நாளுக்கு மேல் வேலை. நம்முடையது 14.2 கிலோ, மலைக்கு ஏறி வரும்போது 900-க்குப் பக்கம் என்று வைத்தால் இரண்டு நாள். (தோட்டத்தில் பாதிப் பேர் இன்னும் விறகுதான் என்பதால் இந்த வரி உங்களுக்கும் அவர்களுக்கும் ஓரளவு ஏட்டுச் சுரைக்காய்தான்.)

தேங்காயில் இரண்டு பக்கமும் அழுகைதான். 2025 தொடக்கத்தில் அங்கே ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியது. ஆறேழு காய்க்கு ஒரு நாள் வேலை என்றால் சம்பல் எப்படி அரைப்பது?

இதுவரை பார்த்தது கடை. நிஜமான வித்தியாசம் கடையில் இல்லை, ரேஷன் கடையில் இருக்கிறது. நம் பக்கம் அரிசி அட்டைக்கு 20 கிலோ வரை இலவசம். வெளியே வாங்கினால் 1,100 ரூபாய். துவரம்பருப்பு 30-க்கும் பாமாயில் 25-க்கும் கிடைப்பதில் இன்னொரு 150 மிச்சம். மகளிர் உரிமைத் தொகை வருகிறவர்களுக்கு 1,000. கூட்டினால் 2,250. அதாவது மாதத்தில் ஐந்து நாள் கொழுந்து எடுக்காமலே வந்த கூலி. பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் தனி. இதைச் சேர்க்காமல் வெறும் கூலியை ஒப்பிட்டால் நம்மை நாமே குறைத்துச் சொன்னதாக ஆகும்.

ஆனால் அவர்கள் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே கிடையாது. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்துவிட்டால் படிப்புச் செலவு அரசுடையது. நம் பக்கம் பெண்ணை நர்சிங் சேர்க்கத் தனியாரிடம் போய்க் கடனில் மாட்டியவர்கள் நம் லைனிலேயே நாலு வீடு உண்டு.

கோத்தகிரி, அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்: எங்களுக்குப் பச்சைத் தேயிலை கிலோ 15, 20-க்கு மேல் போவதில்லை. ஆளுக்கு 450 கொடுத்தால் மிச்சம் என்ன? இலங்கை எஸ்டேட் மட்டும் எப்படிக் கொடுக்கிறது?

நல்ல கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தூள் சராசரி 1,100, 1,200 இலங்கை ரூபாய் போகிறது. நம் பணத்தில் 320, 350. குன்னூர் ஏலத்தில் நூறு, நூற்றுச் சொச்சம். மூன்று மடங்கு வித்தியாசம்! அவர்கள் செய்வது பெரும்பாலும் ஆர்த்தோடாக்ஸ் (இலையைச் சுருட்டிச் செய்வது), ஏற்றுமதிக்கு. நாம் செய்வது பெரும்பாலும் சி.டி.சி. (இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குவது), டீக்கடைக்கு. விலை அங்கேயே பிரிந்துவிடுகிறது.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. தூள் மூன்று மடங்கு விலைக்குப் போகிற நாட்டில் கூலி நமக்குச் சமமாகத்தான் நிற்கிறது. அங்கே ஒரு ஆள் எடுக்கும் கொழுந்து குறைவு, செடி கிழம், மறுநடவு செய்யவில்லை என்று கம்பெனிகள் காரணம் சொல்லும். ஓரளவு உண்மை. ஆனால் மறுநடவு செய்யாதது கொழுந்து எடுத்தவளின் குற்றமா?

உங்கள் நிலைமை வேறு. நீங்களே முதலாளி, நீங்களே கூலி. உங்கள் கணக்கில் 450 கட்டுப்படியாகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சேரம்பாடி: பங்களாதேஷில் இன்னும் மோசம் என்கிறார்களே?

ஆமாம். 2022 ஆகஸ்டில் சில்ஹெட் பக்கத் தேயிலைத் தொழிலாளர்கள் நாளுக்கு 300 டாக்கா (அந்த நாட்டு நாணயம்) கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவரை நாளுக்கு 120. முடிவில் 170 கிடைத்தது. அன்றைய விகிதத்தில் நம் பணம் 145-க்குள். மானிய விலையில் மாவும் அரிசியும் தோட்டமே தருகிறது என்று கம்பெனிகள் சொல்லும். அதைச் சேர்த்தாலும் எட்டாது.

குன்னூர்: நேபாளம்?

2025 ஜூலையிலிருந்து மாதம் 19,550 நேபாள ரூபாய். தேயிலைத் தோட்டத்துக்குத் தனியாக, இதைவிடக் குறைவாக வைத்திருக்கிறார்கள். நம் ரூபாய்க்கு 1.60 என்று 1993-லிருந்து விகிதம் அசையவில்லை, எனவே 12,200. வகுக்கச் சுலபமான நாடு.

கூடலூர்: எங்கள் எஸ்டேட்டில் இப்போது அசாம், ஜார்க்கண்ட் ஆட்கள்தான் அதிகம். இவ்வளவு தூரம் ஏன் வருகிறார்கள்?

அசாம் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் 2023 அக்டோபரில்தான் கூலி 250 ஆனது. அவர் ஊரில் ஏறக்குறைய இரண்டு நாள் எடுக்கும் கொழுந்துக்கான கூலி இங்கே ஒரே நாளில். வெளிநாட்டோடு ஒப்பிட ஆசைப்படுகிறோம், ஆனால் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள இடைவெளியைவிட, ஒரே நாட்டுக்குள் சேரம்பாடிக்கும் அசாமின் திப்ருகருக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது. உங்கள் லைனில் இருக்கும் அந்தத் தம்பியிடம் ரேஷன் அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். நான் மேலே போட்ட ஐந்து நாள் கணக்கில் அவனுக்குப் பாதிகூட வராது.

நெல்லியாளம், ஓய்வுபெறப் போகும் தொழிலாளி: கூலி இருக்கட்டும் ஐயா, வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

கணக்கில் மிகப் பெரிய வரி இதுதான், இதற்கு விலையும் போட முடியாது. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள். வேலையோடு சேர்ந்து லைன் வீடும் வந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வாடகை இல்லாத வீடு என்று நாற்பது வருஷம் கூலியில் கழித்துக்கொண்டு, கடைசியில் சாவியைக் கொடு என்றால் அந்த மனிதர் எங்கே போவார்? ஒப்பீடு செய்பவர்கள் 'இலவச வீடு' என்று நம் பக்கம் ஒரு தொகையைச் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை.

அங்கேயும் லயம்தான் (லைன் வீட்டுக்கு அங்கே அந்தப் பெயர்), நிலமும் கையில் இல்லை. இந்தியா கட்டித் தரும் தனி வீட்டுத் திட்டம் இருக்கிறது. முதலில் 4,000, பிறகு 2017-ல் நோர்வூட்டில் அறிவித்த 10,000. வீடு கிடைத்தவர்களுக்கு ஏழு பேர்ச் (அங்கத்து நில அளவு) நிலமும் சேர்ந்து வருகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கிற இடத்தில் 14,000 எந்த மூலைக்கு?

உங்களுக்கு இப்போதைக்கு நான் சொல்லக்கூடியது: பி.எப். கணக்கில் பெயர், பிறந்த தேதி, ஆதார் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே பாருங்கள். நம் பெயர்கள் மண்டபம் முகாமிலேயே ஒரு தடவை தப்பாக எழுதப்பட்டவை. என் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் அவருடைய பணம் இரண்டு வருஷம் நின்றது.

பெயர் சொல்லாதவர்: நீங்கள் அங்கேயே இருந்திருந்தால்?

பெரியம்மா மகன் என் வயது. அவனுக்கு அங்கே எட்டு சதவீதமும் தோட்டம் பன்னிரண்டும் போட்ட சேமலாப நிதி (அவர்களுடைய பி.எப்.), எனக்கு இங்கே பன்னிரண்டும் பன்னிரண்டும். 2022-க்கு முன் ஓய்வு பெற்று மொத்தமாக எடுத்து வங்கியில் போட்டான். 2022-ல் அதன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. என்னுடையது அப்படிக் கரையவில்லை. ஆனால் அவன் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது ஆசிரியை. என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால் பெரியம்மா மகன் முதலில் கேட்பது, "அங்கே தேங்காய் என்ன விலை?"