பாறையடியில் ஒரு சிவப்புப் புள்ளி

கேள்வி: பாறை ஏறும் வீடியோக்களில் 'ஆன்சைட்', 'ரெட்பாயின்ட்' என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பதில்: புதிய பாதையை யாரிடமும் துப்புக் கேட்காமல், முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறினால் ஆன்சைட். துப்புக் கேட்டுக்கொண்டு அப்படி ஏறினால் ஃப்ளாஷ். பலமுறை விழுந்து பழகி, கடைசியில் கயிற்றில் தொங்காமல் ஏறி முடித்தால் ரெட்பாயின்ட். நான் அதிகம் மதிப்பது இதைத்தான், அதில் உழைப்பு தெரிகிறது.

1970களில் ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் கர்ட் ஆல்பர்ட் என்ற ஏறுநர், பாறையில் அடித்த ஆணிகளைப் பிடிக்காமல், கை கால் பலத்திலேயே ஏறி முடித்த பாதைகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். கயிறும் ஆணியும் ஏறுபவர் விழுந்தால் அவரைத் தாங்குவதற்கு மட்டுமே. ரெட்பாயின்ட் என்ற பெயர் அந்தச் சிவப்புப் புள்ளியிலிருந்து வந்தது.

அப்புறம், அந்தத் துப்புக்குப் பெயர் 'பீட்டா'. ஏறுபவர் கேட்காமல் கீழிருந்து கத்திச் சொல்லாதீர்கள். அவருடைய ஆன்சைட் வாய்ப்பு போய்விடும், திரும்பக் கிடைக்காது.