கல் மூங்கில் தூரில் எந்தக் கம்பை வெட்டுவது?

கேள்வி: மலையடிவாரத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் சரளை நிலம் இருக்கிறது. 7 வருடம் முன்பு வரப்போரமாக 40 கல் மூங்கில் நட்டோம். நன்றாகத்தான் வந்தது. 3 வருடமாகத் தேவைக்கு வெட்டுகிறோம். இப்போது குருத்து குறைந்துவிட்டது. வருவதும் விரல் தடிமனில்தான் இருக்கிறது. என்ன உரம் போடலாம்? (தருமபுரி வாசகி)

பதில்: உரம் அப்புறம் இருக்கட்டும் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெட்டின அடிக்கட்டைகள் எல்லாம் தூரின் வெளிவட்டத்தில் இருக்கின்றன. நடுவில் பழுப்பேறிய கம்புகள் ஒன்றோடொன்று பின்னி, கை நுழைய இடமில்லாமல் நிற்கின்றன. கோளாறு அங்கேதான்.

மூங்கில் தூர் உள்ளிருந்து வெளியே நகரும். மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு வருடாவருடம் வெளிப்பக்கமாகக் கிளைத்து, அங்கிருந்துதான் குருத்து விடும். அதனால் நடுவில் நிற்பது பாட்டி, ஓரத்தில் நிற்பது இளம் தாய். கைக்கு எட்டுகிறது, இழுக்க லேசாக இருக்கிறது என்று ஓரத்துக் கம்பை வெட்டும்போது அடுத்த மழைக்குக் குருத்து தரவேண்டிய தாயையே வெட்டிவிடுகிறோம். கல் மூங்கில் இயல்பிலேயே நெருக்கிக்கொண்டு வளரும் சாதி என்பதால் இந்தத் தப்புக்குத் தண்டனை சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

கம்பின் வயதைப் பார்த்து வெட்டப் பழகுங்கள். முதல் வருடக் கம்பில் விபூதி பூசினாற்போல வெள்ளைப் பொடி இருக்கும், விரலால் தேய்த்தால் ஒட்டும். கணுவில் காய்ந்த உறை தொங்கும். அதன் பொன்னிறச் சுணை கையில் ஏறினால் நமைச்சல் லேசில் அடங்காது. இரண்டாம் வருடம் உறை உதிர்ந்து பக்கக்கிளை பரவும். மூன்றைத் தாண்டினால் பச்சை மங்கி, சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பாசி படியும். அரிவாள் முதுகால் தட்டிப் பாருங்கள். இளங்கம்பு சொத்தென்று கேட்கும், முற்றியது கணீரென்று சொல்லும். நான் ஒவ்வொரு தை மாதமும் அந்த வருடத்துக் கம்புகளில் இடுப்பு உயரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன், வருடத்துக்கு ஒரு நிறம். வெட்ட வருகிற ஆளுக்கு நிறத்தைச் சொன்னால் போதும்.

இப்போது உங்கள் தூருக்குள் போக ஒரு வாசல் வேண்டும். புதுக்கம்பு குறைவாக இருக்கும் பக்கம் எதுவென்று பார்த்து, அந்தப் பக்கமாகக் குதிரை லாடம் போல வாய் திறந்து, நடுவிலுள்ள காய்ந்ததையும் கோணலையும் முற்றியதையும் எடுங்கள். ஒரே வருடத்தில் முடிக்க நினைக்காதீர்கள், இரண்டு வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். ஆள் குனியச் சோம்பி இடுப்பு உயரத்தில் வெட்டினால் அந்தக் கட்டைகளே அடுத்த முறை வழியை அடைக்கும். தூருக்கு 8 நல்ல கம்பாவது நிற்கட்டும். மழை பிடித்துக் குருத்து கிளம்பும் மாதங்களில் அரிவாளோடு அந்தப் பக்கமே போகவேண்டாம். குருத்து மண்ணிலிருந்து எந்தத் தடிமனில் வருகிறதோ அதுதான் கடைசிவரை. மரம் மாதிரி பிறகு பருக்காது. அதனால் அந்த நேரத்தில் மிதிபட்டால் அந்த வருட மகசூலே போயிற்று.

பிறகு அடியில் மண் அணைத்து, தொழு உரம் போடுங்கள். மூங்கில் சருகைக் கூட்டி எரிக்கவேண்டாம், தூருக்கு அதுதான் போர்வை.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்தில் பழைய தூர் இருக்கிறது. கிழங்கோடு பெயர்த்து நடலாமா, விதைக் கன்று வாங்கலாமா? (சத்தியமங்கலம் வாசகர்)

பதில்: விதைக் கன்று வாங்குங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒருமுறை பழைய தூர் ஒன்றிலிருந்து 12 கிழங்கு பெயர்த்து நட்டேன். அருமையாகப் பிடித்தது. ஐந்தாம் வருடம் தாய்த்தூர் பூத்தது. அதே பருவத்தில் என் 12 தூரும் இலையுதிர்ந்து, நுனியெல்லாம் பூங்கொத்தாகி, நெல் கட்டி, நின்றபடியே காய்ந்தன. கிழங்கில் வருவது புதுச்செடி இல்லை, தாயின் வயது அதோடு கூடவே வரும். கல் மூங்கில் பெரும்பாலும் 25 முதல் 45 வருடத்துக்குள் பூத்து மடியும். மிச்சம் எத்தனை வருடம் என்று பக்கத்துத் தோட்டக்காரருக்கும் தெரிந்திருக்காது.

விதை எந்த வருடத்தது என்று நாற்றங்காலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணமாக வைத்திருந்தால் சில மாதத்திலேயே முளைப்புத் திறன் போய்விடும், அதனால் புது விதையாக இருக்கவேண்டும். 5 மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். சரளையும் சரிவும் இதற்குப் பிடிக்கும், தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது.

கேள்வி: ஏணிக்கு வெட்டின கம்பு ஆறே மாதத்தில் உளுத்து மாவாகக் கொட்டுகிறது. ஏன்?

பதில்: கம்பிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வருகிறது. கல் மூங்கில் உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருப்பதால்தான் ஏணிக்கும் தொரட்டிக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் சிலம்பத்துக்கும் அதைத் தேடுகிறோம். அந்தக் கெட்டி வண்டைத் தடுக்காது. இளங்கம்பைத் தவிருங்கள். வெட்டினதும் கல்லைக் கட்டி 3, 4 வாரம் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள், ஓடும் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. நாற்றம் வரும், பரவாயில்லை, சத்து கரைந்து வெளியேறுகிற நாற்றம் அது. எடுத்தபின் நிழலில் நிமிர்த்திச் சாய்த்து உலர்த்துங்கள். நேர் வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.