சோமாலி எண்களையும் அன்றாடச் சொற்களையும் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பத்து வரை வாயில் பழகட்டும்: கோவ், லபா, சத்தெஹ், அஃபர், ஷன், லிஹ், தொத்தொபா, சித்தேத், சகால், தொபன். 'இயோ' என்றால் 'மற்றும்'. 11 என்பது 'கோவ் இயோ தொபன்', அதாவது ஒன்றும் பத்தும். 19 வரை இதே வழிதான். 40 அஃபர்தன், 60 லிஹ்தன் எனப் பத்துகளையும் ஊகிக்கலாம். 30 (சொத்தொன்), 50 (கொன்தொன்) இரண்டும் சற்று விலகி நிற்கும். நூறு பொகொல், ஆயிரம் குன்.

பலர் தடுக்குவது 'ஒன்று' விஷயத்தில். எண்ணும்போது கோவ், பொருளோடு சேரும்போது ஹல். ஒரு புத்தகம் 'ஹல் பூக்', இரண்டு புத்தகம் 'லபா பூக்'.

அப்புறம் கடைச் சொற்கள்: பியோ (தண்ணீர்), ஷாஹ் (தேநீர்), பரீஸ் (அரிசி), ஹிலிப் (இறைச்சி). விலை கேட்க 'வா இமிசா?', நன்றி சொல்ல 'மஹத்சனித்'. ஆம் என்பதற்கு ஹா, இல்லைக்கு மயா.

1972 முதல் சோமாலியின் அதிகாரபூர்வ எழுத்து லத்தீன்தான். ஆனால் அதில் 'எக்ஸ்' எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஹகரம். 'சி' அரபு மொழியின் அய்ன் எனும் தொண்டை ஒலி. ஆங்கிலம்போல் வாசித்தால் யாருக்கும் புரியாது. அதனால் ஒலிப்பதிவு கேட்டே படியுங்கள்.