கணினிக் கேள்வி பதில்: டெபியனுக்குள் நெக்ஸ்ட்கிளவுட் ஏன் இல்லை?

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கணினி ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு சேவராக ஓட விட்டிருக்கிறோம். வேர்ட்பிரஸ், மீடியாவிக்கி எல்லாம், டெபியனில் மென்பொருளை நிறுவும் ஆப்ட் கட்டளைக்கு உடனே வந்து இறங்கின. கோப்புகளைச் சொந்தச் சேவரில் வைத்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட்டைக் கேட்டால் அப்படி ஒரு பொதியே (package) இல்லை என்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– வாசகர், கொக்குவில்

பதில்: ஓரவஞ்சனை இல்லை, இது கருப்பணிக்கும் (பதநீர்) பனங்கட்டிக்கும் உள்ள வித்தியாசம். டெபியன் ஸ்டேபிள், அதாவது அதன் நிலையான வெளியீடு, பனங்கட்டி மாதிரி, காய்ச்சி இறுக்கிக் குட்டானில் போட்டு வைத்தது. ஒரு வெளியீடு வந்தபின் உள்ளே இருக்கும் பதிப்பு எண்கள் பொதுவாக மாறாது, பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அதை மட்டும் அடைப்பார்கள். மூன்று வருடம் இப்படி, நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஐந்து. நெக்ஸ்ட்கிளவுட் காலையில் இறக்கிய கருப்பணி. அதன் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஆயுள், அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பதிப்புக்கு யாரும் திருத்தம் எழுதித் தரமாட்டார்கள். அப்போது டெபியனில் அதைப் பொதி செய்த தன்னார்வலர் தானே உட்கார்ந்து எழுதவேண்டும். சம்பளமில்லாத வேலைக்கு இது கொஞ்சம் அதிகம்.

மீடியாவிக்கிக்கு இந்தக் கரைச்சல் இல்லை. டெபியன் 12 எடுத்துக்கொண்ட 1.39, அவர்களே மூன்று வருடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பதிப்பு. வேர்ட்பிரஸ்காரரும் பழைய கிளைகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதுண்டு.

ஆயுள் ஒரு பக்கம், ஏணி இன்னொரு பக்கம். நெக்ஸ்ட்கிளவுட்டில் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏறவேண்டும். டெபியன் 12 வந்த 2023 யூனிலேயே 27ஆம் பதிப்பும் வந்தது. டெபியன் 13 வந்த 2025 ஓகஸ்டில் 31 ஓடிக்கொண்டிருந்தது. 27ஐப் பொதியாக வைத்திருந்தால், டெபியனை மேம்படுத்தும் அன்று ஆப்ட் நேரே 31க்குத் தாவப் பார்க்கும், நெக்ஸ்ட்கிளவுட் முடியாது என்று நின்றுவிடும். அதற்குள், நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பியும் 8.2இலிருந்து 8.4க்குப் போயிருக்கும், 27க்கு 8.4 ஒத்துவராது, ஆகவே திரும்பிப் போகவும் வழியில்லை.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது இதுதான்: அப்பாச்சி (வலைச்சேவர்), மரியாடிபி (தரவுத்தளம்), பிஎச்பி மூன்றையும் டெபியனிலிருந்தே எடுங்கள். நெக்ஸ்ட்கிளவுட்டை மட்டும் அவர்களுடைய தளத்திலிருந்து இறக்கித் தனி அடைவில் வையுங்கள். டெபியன் 13க்குப் போகும் எண்ணம் இருந்தால், முதலில் 12இல் இருக்கும்போதே படிப்படியாக 31 வரை ஏற்றிவிட்டு (அது 8.2இலும் ஓடும், 8.4இலும் ஓடும்) அப்புறம் டெபியனில் கை வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு எடுக்காமல் விட்டேன், ஒரு குடும்பத்தின் கலியாணப் படங்களுக்கு இரண்டு நாள் பதில் சொல்லவேண்டி வந்தது. இன்னொன்று, சங்கத்தில் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கப் பொறுப்பெடுக்கவேண்டும். ஆள் இல்லையென்றால் நெக்ஸ்ட்கிளவுட்டே வேண்டாம், நேரடியாகச் சொல்கிறேன்.

கேள்வி: நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் செயலியை, அதற்குத் தேவையான பிறர் எழுதிய நிரல் நூலகங்கள் கிடக்கும் நோட் மொட்யூல்ஸ் அடைவு முழுவதையும் உள்ளே திணித்து டெப் பொதியாக்கிவிட்டேன், நன்றாக ஓடுகிறது. டெபியன் இதை ஏற்காது என்கிறான் நண்பன். வீண் பிடிவாதம் இல்லையா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: நண்பன் சொல்வது சரி. ஆனால் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரே நூலகம் நாற்பது பொதிகளுக்குள் நாற்பது பிரதியாகக் கிடந்தால், அதில் ஓர் ஓட்டை வரும் நாளில் நாற்பதையும் தேடித் திருத்தவேண்டும், எதற்குள் எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆகவே நூலகம் ஒவ்வொன்றும் தனிப் பொதியாக இருக்கவேண்டும் என்கிறார்கள். பொதி கட்டும்போது இணையத்தைத் தொடக்கூடாது, சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மட்டும் தராமல் அதன் மூலத்தையும் தரவேண்டும். உங்கள் செயலிக்கு முந்நூறு சார்புகள் (அது நம்பியிருக்கும் நூலகங்கள்) இருந்தால் எவ்வளவு வேலை என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆனால் அது டெபியனின் களஞ்சியத்துக்கான சட்டம். உங்கள் அலுவலகத்துக் கணினிகளில் மட்டும் போடுவதற்கென்றால் இப்போது செய்ததே போதும், ஆப்ட் என்ற அடைவுக்குள் (ஆப்ட் கட்டளை இல்லை, ஓ-பி-டி!) வைத்துச் சொந்தக் களஞ்சியம் ஒன்றிலிருந்து கொடுங்கள்.

கேள்வி: நிரல்களைச் சேமித்துக் கூட்டாக எழுத உதவும் கிட்லேப் ஒருகாலத்தில் டெபியனில் இருந்ததே, எங்கே போனது? ஸ்டேபிளுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸில் கிடைக்காதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இருந்தது. 2017 யூனில் வந்த டெபியன் 9இல் கிட்லேப் 8.13 இருந்தது, அது 2016 ஒக்டோபர் மாதத்துச் சரக்கு. கிட்லேப் மாதம் ஒரு பதிப்பு விடும், பாதுகாப்புத் திருத்தம் கடைசி மூன்றுக்குத்தான். ஆக, ஸ்டேபிள் வெளிவந்த நாளிலேயே அது புளித்துப்போன கருப்பணி. டெபியன் 10இல் அது இல்லை. பேக்போர்ட்ஸுக்குள் வர ஒரு பொதி முதலில் டெஸ்டிங்கில், அதாவது அடுத்த ஸ்டேபிளுக்குப் போகும் வரிசையில், நிற்கவேண்டும். கிட்லேப்பால் அந்த வரிசையில் நிற்க முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கென்றே ஃபாஸ்ட்டிராக் என்று ஒரு தனிக் களஞ்சியத்தை டெபியன்காரர் சிலர் தொடங்கினார்கள். அங்கே பாருங்கள்.