அமைச்சரின் பதிலும் அடுத்த கேள்வியும்

வணக்கம் ஐயா,

எங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினர் சென்ற கூட்டத்தொடரில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். சமூக சுகாதார மையங்களில் சிறப்பு மருத்துவர்கள் இல்லாதது பற்றி ஒன்று, எங்கள் பக்கத்து நிலையத்தில் விரைவு ரயில் நிற்காதது பற்றி ஒன்று, படித்த இளைஞர்களின் வேலையின்மை பற்றி ஒன்று. பதில்களை இணையத்தில் தேடி எடுத்து வாசித்தேன். சுகாதாரம் மாநில அரசின் பொறுப்பு என்கிறது ஒரு பதில். ரயில் நிறுத்தம் தருவது தொடர்ந்து நடந்துவரும் நடைமுறை, தேவையையும் இயக்க வசதியையும் பார்த்து முடிவு செய்யப்படும் என்கிறது இன்னொன்று. வேலைவாய்ப்புக்கு வந்த பதில் ஆறு பக்கம். எல்லாம் திட்டங்களின் பெயர்கள்.

என் தம்பி சில வருடங்களாக மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அந்த ஆறு பக்கத்தைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கேட்டவருக்குச் செய்தித்தாளில் பெயர் வந்தது, பதில் சொன்னவருக்குக் கடமை முடிந்தது. மக்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? இந்த நேரத்தில் அவர் தொகுதிக்குள் உருப்படியாக ஏதாவது செய்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. தொகுதிக்குள் ஒரு நிழற்குடையோ சமுதாயக் கூடமோ கட்டித்தர வேறு பலர் இருக்கிறார்கள். அமைச்சரை எழுந்து நிற்க வைத்துக் கணக்கு கேட்கும் உரிமை நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவருக்கு மட்டுமே உண்டு. அதை அவர் பயன்படுத்தியது நல்ல காரியம். குறை எங்கே என்றால், மூன்று கேள்விகளையும் விரிந்த கேள்விகளாகக் கேட்டிருக்கிறார். பதில் வந்த பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

கேள்வியால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2020 செப்டம்பரைச் சொல்கிறேன். பெருந்தொற்றைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்திருந்தார்கள். எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும்தான். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் துறை. குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டதா என்றால், விவரமே இல்லாதபோது அந்தக் கேள்வி எழவில்லை என்று பதில். நாடே பார்த்துக்கொண்டிருக்க நடந்துபோனவர்களைப் பற்றிய பதில் இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே வாரம் மாநிலங்களவையில் டெரிக் ஓ பிரையன் என்ற உறுப்பினர் இதே துயரத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ரயில்வே துறையிடம் கேட்டார். ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்யும்போது இறந்தவர்கள் எத்தனை பேர்? பதில் வந்தது: செப்டம்பர் 9 வரை 97 பேர். அவர்களில் 87 பேரின் உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, 51 அறிக்கைகள் வந்திருக்கின்றன, அவற்றில் காணப்படும் காரணங்கள் இன்னின்ன என்று அந்தப் பதில் நீள்கிறது. ஒரே அரசு, ஒரே வாரம். ஒரு துறை கணக்கே இல்லை என்கிறது, இன்னொரு துறை பிரேதப் பரிசோதனை வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறது. சரியான துறையிடம் குறுகலாகக் கேட்டதால்தான் அந்த 97 என்ற எண் அவைப் பதிவில் ஏறியது. இனி அதை யாரும் அழிக்க முடியாது.

அடுத்து, உங்கள் உறுப்பினருக்கு வந்த 'மாநிலப் பொறுப்பு' என்ற பதில். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கிடைக்காமல் பெரும் எண்ணிக்கையில் நோயாளிகள் சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்தது உண்மையா என்று கே.சி.வேணுகோபால் கேட்டார். வந்த பதிலை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. மரணங்களைத் தெரிவிப்பதற்கு மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் என்று குறிப்பாக எந்த மரணத்தையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை. 'யாரும் சாகவில்லை' என்று அமைச்சர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை என்கிறார், அவ்வளவுதான். அதே பதிலில் இன்னொரு தகவலும் இருக்கிறது: முதல் அலையில் 3,095 டன்னாக இருந்த மருத்துவ ஆக்சிஜன் தேவை இரண்டாம் அலையில் ஏறக்குறைய 9,000 டன்னாக உயர்ந்தது. தேவை மூன்று மடங்கு ஆனதை ஒப்புக்கொண்ட பதில், அதனால் யாருக்கு என்ன ஆனது என்ற இடத்தில் மாநிலங்களைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்த இரண்டு வரிகளும் ஒரே தாளில் இருக்கின்றன என்பதே பெரிய விஷயம். நாளை வரலாறு எழுதுகிறவருக்கு அந்தத் தாள் கிடைக்கும்.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மை. அதற்காக மத்திய அமைச்சர் கையைக் கழுவிவிட முடியாது. தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 சதவீதம் மத்திய அரசுடையது. ஒவ்வொரு சமூக சுகாதார மையத்திலும் அறுவைச் சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் என்று குறைந்தது நான்கு சிறப்பு மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் மத்திய அரசு வகுத்ததுதான். அந்த அளவுகோலின்படி 2021-22இல் நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்துக்கு நான்கு பணியிடங்களில் சிறப்பு மருத்துவர் இல்லை. இதைச் சொல்வது மத்திய சுகாதாரத் துறையே வெளியிட்ட புள்ளிவிவரம். ஆகவே 'மருத்துவர் ஏன் இல்லை' என்று கேட்டால் பந்து மாநிலத்துக்குப் போய்விடும். 'சிறப்பு மருத்துவர்களுக்காக எங்கள் மாநிலத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், அதில் எவ்வளவு விடுவித்தீர்கள், எவ்வளவு செலவானது, செலவாகாததற்கு மாநிலம் என்ன காரணம் எழுதியது' என்று கேட்டால் பந்து எங்கும் போகாது. அது மத்திய அமைச்சரின் பணம், அவருடைய கோப்பு.

வேலைவாய்ப்பில் கதை வேறு. அங்கே எண்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பதிலில் வருவது சாதகமான எண் மட்டும். தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2022-23இல் 3.2 ஆகக் குறைந்துவிட்டது என்பார்கள். எண் சரிதான். ஆனால் அந்த அளவுகோலில், வருடத்தில் 30 நாளாவது வேலை செய்தவர் வேலை உள்ளவர். வீட்டுக் கடையிலோ வயலிலோ சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்கிறவரும் வேலை உள்ளவர். அதே 2022-23 அறிக்கையில், வேலை உள்ளவர்களில் மாதச் சம்பளக்காரர்கள் 20.9 சதவீதம்தான், ஊதியமில்லாத குடும்ப உதவியாளர்கள் 18.3 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய சமம்! இந்த எண்கள் அமைச்சரின் பதிலில் தானாக வராது. கேட்க வேண்டும்.

கேட்டால் வரும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2014 முதல் 2022 வரையிலான எட்டு நிதியாண்டுகளில் மத்திய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். இது 2022 ஜூலை 27 அன்று மக்களவையில் அரசே எழுத்தில் கொடுத்த விவரம். ஒருவரே பல தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருப்பார் என்பதைக் கழித்துக்கொண்டாலும், முந்நூறு விண்ணப்பத்துக்கு ஒரு வேலைதான் தேறுகிறது. 2021 மார்ச் கணக்கில் காலியாக இருந்த மத்திய அரசுப் பணியிடங்கள் 9.79 லட்சம் என்பதும் அதே காலத்தில் இப்படித்தான் வெளியே வந்தது. வேலையின்மை பற்றி இன்று பேசுகிற எல்லாரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த எண்களைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள். எங்கிருந்து வந்தன என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

எழுத்துப் பதில் முதல் படிதான். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் மட்டுமே பதில் வரும், நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் 'அறிக்கை அவையில் வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரியோடு உட்கார்ந்துவிடுவார். அசல் சோதனை அதற்குப் பிறகுதான். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. அவை முன்கூட்டி அமைச்சருக்குத் தெரியாது. அதிகாரிகள் எழுதிக்கொடுத்த தாளுக்கு வெளியே அவருக்குத் துறை தெரியுமா என்பது அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வருத்தம் என்னவென்றால், நம் உறுப்பினர்களில் பலர் துணைக் கேள்வியையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அமைச்சர் இப்போது என்ன சொன்னார் என்பதைக் காதில் வாங்காமல் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். சிலர் அந்த நேரத்தில் பாராட்டுரை வழங்குகிறார்கள். இன்னும் சிலர் கேள்வி நேரம் தொடங்கியதுமே அவையின் மையத்தில் போய் நின்று முழக்கமிடுகிறார்கள். அவர்களின் காரணம் நியாயமாகவே இருக்கட்டும், இதை என்னால் ஏற்க முடியவில்லை. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர் அமைச்சர்தான்.

பதிலைக் கவனித்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் 1957. ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளை வாங்கியது பற்றி அவையில் ஒரு கேள்வி வந்தது. அரசு பூசி மெழுகியது. பெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். சொன்ன பதில்களையே கையில் வைத்துக்கொண்டு டிசம்பரில் அவையில் துருவி எடுத்தார். நீதிபதி சாக்ளா விசாரணை வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

சரி, உங்கள் ரயிலுக்கு வருகிறேன். 'தொடர்ந்து நடந்துவரும் நடைமுறை' என்ற வாசகம் நன்றாக யோசித்து எழுதப்பட்டது. காரணம் இதுதான். அமைச்சர் அவையில் 'பரிசீலனையில் உள்ளது' என்றோ 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்' என்றோ சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவகாசம் கேட்டு அரசு உறுதிமொழிக் குழுவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். மக்களவையில் இந்தக் குழு 1953 முதல் இருக்கிறது. நம் சட்டப்பேரவைக்கும் இப்படி ஒரு குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாகப் போய், அமைச்சர் அவையில் சொன்ன பாலமும் கட்டடமும் வந்தனவா என்று பார்த்துவிட்டு வருவார்கள். இந்தக் கணக்கில் சிக்காமல் பதில் எழுதுவதில் அதிகாரிகள் கெட்டிக்காரர்கள். அதனால் ரயில் நிற்குமா என்று கேட்காமல் கணக்கைக் கேட்க வேண்டும். ஒரு நிறுத்தத்தால் வரும் டிக்கெட் வருமானம், ரயிலை நிறுத்தி மறுபடி எடுக்க ஆகும் செலவை ஈடுகட்டுகிறதா என்று ரயில்வே பார்ப்பது வழக்கம். உங்கள் நிலையத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டார்களா, எந்தத் தேதியில், கிடைத்த தொகை என்ன, தேவையான தொகை என்ன? கணக்கே போடவில்லை என்று பதில் வந்தால் அதுவும் நல்லதுதான். எப்போது போடுவீர்கள் என்பது அடுத்த கேள்வி.

இவ்வளவையும் உறுப்பினரே உட்கார்ந்து தயாரிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு உதவியாளர்கள் குறைவு, அவர்களும் பரிந்துரைக் கடிதம் தட்டச்சு செய்வதிலேயே ஓய்ந்துபோகிறார்கள். நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது. வாதம், குற்றச்சாட்டு, கிண்டல், கருத்துக் கேட்பது எதுவும் விதிப்படி அனுமதி இல்லை, அப்படி எழுதினால் செயலகத்திலேயே நின்றுவிடும். அமைச்சருக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அப்புறம் யார் கேள்வி எடுக்கப்படும் என்பதற்குக் குலுக்கல் வேறு இருக்கிறது. ஆகவே கூட்டத்தொடரின் தேதி அறிவிக்கப்பட்ட அன்றே அவர் அலுவலகத்தில் கடிதம் இருக்க வேண்டும். சென்ற முறை வந்த மூன்று பதில்களின் எண்ணையும் தேதியையும் மேலே எழுதி, 'இந்தப் பதிலின் தொடர்ச்சியாக' என்று தொடங்குங்கள்.