வீட்டில் நானே செய்த மரச் சாமான்களைப் படம் எடுத்துப் போடக் கூச்சமாக இருக்கிறது, போடலாமா?

போடுங்கள். ஆனால் நான் போட்ட மாதிரிப் போடாதீர்கள்.

ஒரு முக்காலி செய்திருப்பதாகவும் அதில் ஒரு கால் லேசாக ஆடுவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பகலில் கம்ப்யூட்டர், ராத்திரி யூடியூப், ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் ரம்பம், இதுதான் உங்கள் நிலைமை என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். என் நிலைமையும் அதுதான், கம்ப்யூட்டருக்குப் பதில் வங்கி ஓய்வூதியம்.

எங்கள் பூர்வீக வீடு ஆலங்குடிப் பக்கம். கொல்லையில் அப்பா வைத்த பலா ஒன்று இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அது வேரோடு சாய்ந்து பக்கத்து வீட்டுக் குளியலறை மேல் விழுந்தது. (மரத்தை வெட்டலாமா என்று யாரும் வந்துவிடாதீர்கள். வெட்டியது காற்று.) அந்த வாரம் ஊர் முழுக்க மரம் கிடந்ததால் வியாபாரி வைத்ததுதான் விலை. அடிமரத்தில் மட்டும் ஒரு துண்டைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அறுவை மில்லில் இரண்டு அங்குலக் கனத்தில் இரண்டு பலகையாக அறுத்துத் திருச்சிக்கு எடுத்து வந்தேன். அம்மாவுக்கு ஒரு பல்லாங்குழி செய்து கொடுக்க வேண்டும் என்று எண்ணம்.

புதிதாக அறுத்த பலா எப்படி இருக்கும் தெரியுமா? மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருக்கும். அந்தச் சிராய்களைக் கொதிக்க வைத்துத்தான் புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் எடுத்திருக்கிறார்கள். தஞ்சாவூர் வீணையும் பலாதான், மிருதங்கமும் பலாதான். இதையெல்லாம் படித்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. 2019 மார்ச்சிலேயே ஆரம்பித்துவிட்டேன். மரம் விழுந்து நாலே மாதம்.

வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் பதினாலு குழி. முதலில் டிரில்லில் அகலமான பிட் போட்டு மேலாகக் குடைந்தேன். (அப்படியானால் அது கைவேலையே இல்லை என்பவர்கள் ஒரே ஒரு குழியை வெறும் உளியால் குடைந்துவிட்டு வந்து பேசட்டும்.) அதற்குப் பிறகு வாய் வளைந்த நகவுளியும், அதைத் தட்டக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலும். பச்சை மரம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. எனக்குக் கைத்திறன் வந்துவிட்டது என்றே நம்பினேன். உப்புத்தாளில் 80, 120, 220 என்று (எண் கூடக் கூடத் தாள் நைசு) போட்டுத் தேய்த்து, ஆளி விதை எண்ணெய் பூசி, அம்மா முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அம்மா பாராட்டவில்லை. புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்து முதல் குழியை விளிம்புவரை நிரப்பி, கவிழ்த்து எண்ணினார். முப்பத்தொன்று. கடைசிக் குழியையும் அதே மாதிரி எண்ணினார். நாற்பத்து நாலு. "போகப் போக உளி நல்லா பேசியிருக்கு போல" என்றார். எண்பது வயது.

அந்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரி டப்பென்று சத்தம். காலையில் பார்த்தால் பலகையின் ஒரு தலையிலிருந்து மூன்றாவது குழிவரை வெடிப்பு. விரல் நகம் உள்ளே போகிற அகலம்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மரத்தூளில் பசையைக் குழைத்து வெடிப்பில் அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்து மேலே தேன்மெழுகு போட்டேன். வெடித்த பக்கம் நிழல் விழுகிற மாதிரி ஜன்னலோரம் வைத்து, மூன்றாவது குழியில் சோழிகளைக் குவித்துப் படம் எடுத்தேன். 'என் கைவண்ணம்' என்று எழுதிக் குடும்பக் குழுவிலும் கல்லூரி நண்பர்கள் குழுவிலும் போட்டேன்.

கைதட்டல் குவிந்தது. நடுநடுவே மற்றதும் வந்தது. "கடையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்றார் ஒருவர். மஞ்சள் பெயிண்ட் கொஞ்சம் தூக்கல் என்றார் இன்னொருவர். சொந்தக்காரர் ஒருவர், "மேனேஜரா இருந்துட்டு இப்ப இழைப்புளி பிடிக்கிறியா?" என்று கேட்டுப் பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டிருந்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் உறுத்துகிறது. இழைப்புளி பிடிப்பதில் என்ன இளக்காரம்? அவர் வீட்டு வாசல்நிலையை யார் இழைத்தது?

ஆனால் உண்மையில் என்னைக் கூசவைத்தது ஊரிலிருந்து வந்த போன். எங்கள் பழைய வீட்டுக் கதவெல்லாம் செய்த ஆசாரி, அப்பா காலத்து மனிதர். என் தம்பி மகன் அவரிடம் படத்தைக் காட்டியிருக்கிறான். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டார்:

"தம்பி, மூணாவது குழியில மட்டும் எதுக்குச் சோழியக் குவிச்சு வச்சிருக்கீங்க?"

நான் மென்று முழுங்கினேன்.

"வெடிச்சிருச்சா? சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. கஜாவுல விழுந்த மரம். தண்ணி வத்தறதுக்குள்ள குடைஞ்சா அது என்ன செய்யும், பாவம்."

பிறகு அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மரம் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. வளையங்களைச் சுற்றிப் போகிற திசையில்தான் அதிகம் சுருங்கும், நடுவிலிருந்து பட்டைப்பக்கம் போகிற திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. மரத்தின் நட்டநடுப் பகுதி பலகைக்குள் இருந்தால் வெடிப்பு நிச்சயம். என் பலகையில் அது இருந்தது. வெட்டுத்தலை வழியாக ஈரம் வேகமாகப் போய்விடும் என்பதால் அறுத்த அன்றே இரண்டு தலையிலும் பெயிண்ட்டோ மெழுகோ பூசிவிட வேண்டும். அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி நிழலில் வைக்க வேண்டும். கனம் ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு.

இரண்டாவது பலகையை அன்றைக்கே அவர் சொன்னபடி வைத்தேன். நல்ல வேளையாக நடுப்பகுதி அதில் இல்லை. பயணப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் மாதம் ஒருமுறை தொங்கவிட்டுப் பார்ப்பேன். முதலில் 7 கிலோ 100 கிராம். குறைந்துகொண்டே வந்து 4 கிலோ 700-ல் நின்றுவிட்டது. அப்புறம் மூன்று மாதம் அசையவில்லை, ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். 2021 பொங்கல் கழித்துத்தான் உளியை வைத்தேன். காய்ந்த பலா வெண்ணெயாக இல்லை, உளியைத் திருப்பி அடித்தது. ஒரு குழிக்கு ஒரு ஞாயிறு ஆனது.

ஞாயிறு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். காலை பதினொரு மணிக்குமேல் ஒரு மணி நேரம் கொட்டாப்புளி தட்டியதற்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் மாடிக்காரர் மூன்று மாதம் சுவரைத் துளைத்தபோது வராத கடிதம். போகட்டும். முதல் மாடியில் இருக்கும் நான் லிஃப்டில் ஏறியதே இல்லை. அதன் பராமரிப்புக்கு ஐந்தாம் மாடிக்காரர் கொடுக்கும் அதே தொகையைப் பதினோரு வருஷமாக நானும் கொடுக்கிறேன். கேட்டால் "பொது வசதி சார்" என்கிறார்கள். என் பல்லாங்குழி மட்டும் தனி இடைஞ்சலாம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவதைப் போட்டபோது முதல் பலகையின் வெடிப்பையும் கிட்டத்தில் படம் எடுத்துச் சேர்த்துப் போட்டேன். இந்த முறை விலை கேட்டவர்கள் குறைவு. பதிலாக ஒருவர் பூவரசில் செய்த மணைப்பலகை கோணிக்கொண்டதைப் படம் எடுத்து அனுப்பினார். கல்லூரி நண்பன் ஒருவன், அவனும் இரண்டு வருஷமாக உளி பிடிப்பதாகவும் யாரிடமும் சொன்னதில்லை என்றும் தனியாக எழுதினான். நான் எதையும் விற்பதில்லை, இது விளம்பரமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அம்மா இன்னும் வெடித்த பலகையில்தான் ஆடுகிறார். புதியதில் எல்லாக் குழியும் ஒரே மாதிரி இருப்பது சுவாரஸ்யமாக இல்லையாம். மஞ்சளெல்லாம் போய் அந்த வெடித்த பலகை இப்போது தேன் கறுத்த நிறத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் முக்காலிக்கு வருகிறேன். கால் ஆடுவது பொருத்து தளர்ந்ததாலா, மரம் சுருங்கியதாலா என்று படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதனால் கவிழ்த்து வைத்தும் ஒரு படம் எடுங்கள். என்ன மரம், எத்தனை மாதம் காய்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எண்ணெய் பூசியிருந்தால் இன்னொன்று: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.